மாசமாக இருந்தபோது வந்த காய்ச்சலும் பிள்ளையின் காதும்: ராமநாதபுரம் கடற்கரைத் தாய்மார்கள் கேட்கும் கேள்விகள்

பாம்பன், மண்டபம், பெரியபட்டினம், கீழக்கரை, ஏர்வாடி என்று இந்தக் கடற்கரை ஊர்களில் காது கேளாத பிள்ளைகளுக்குப் பேச்சுப் பயிற்சி கொடுப்பது என் வேலை. நான் டாக்டர் இல்லை, சிறப்பாசிரியர். மருந்து எழுதுவதும் டெஸ்ட் எடுப்பதும் டாக்டர் கையில். ஆனால் ஒரு பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு அம்மாவும் பாட்டியும் முதல் நாள் கேட்கும் கேள்விகள் முழுக்க என்னிடம்தான் வருகின்றன. அவற்றில் அடிக்கடி வருபவை இங்கே. பல பிள்ளைகள் என்னிடம் மூன்று வயதில் வருகிறார்கள், சிலர் நான்கு வயதில். அவர்கள் வந்திருக்க வேண்டியது ஆறு மாதத்துக்குள். அந்த இடைவெளி எங்கே விழுகிறது என்பதைத்தான் கீழே திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறேன்.

காய்ச்சல் எனக்குத்தானே வந்தது? வயிற்றில் இருந்த பிள்ளையின் காது எப்படிக் கெட்டது?

சில வைரஸ்கள் அம்மாவின் ரத்தத்திலிருந்து நஞ்சுக்கொடியைத் தாண்டிப் பிள்ளைக்குப் போய்விடும். காதுக்குள்ளே, எலும்புக்கு நடுவில், சங்கு மாதிரி சுருண்ட ஓர் உறுப்பு இருக்கிறது. காக்ளியா என்பார்கள். அளவு ஒரு பட்டாணிதான். அதற்குள் நீரும், அந்த நீர் அசைவதை உணரும் மயிரிழை போன்ற செல்களும் இருக்கின்றன. சத்தத்தை நரம்புக்கு எடுத்துக் கொடுப்பவை அந்தச் செல்கள். வைரஸ் அங்கே போய் உட்கார்ந்தால் அவை பழுதாகும், பழுதானவை திரும்ப முளைக்காது.

இந்தச் சங்கு உருவாவது கர்ப்பத்தின் முதல் பாதியில். ஏழாம் மாதம் வளைகாப்பில் வளையல் குலுங்குவது பிள்ளைக்குக் கேட்கும் என்று பெரியவர்கள் சொல்வது உண்மைதான். அதற்குள் காது வேலை செய்யத் தொடங்கியிருக்கும். அதனால்தான் முதல் மூன்று, நான்கு மாதத்தில் வரும் தொற்றுக்கு அதிகம் பயப்படுகிறோம்.

எல்லாக் காய்ச்சலும் இப்படிச் செய்யுமா?

இல்லை. சாதாரண சளி, இருமல், வைரஸ் காய்ச்சல் என்று வந்துபோகிறவை பெரும்பாலும் பிள்ளையின் காதைத் தொடுவதில்லை. முக்கியமாகப் பெயர் சொல்ல வேண்டியவை இரண்டு. ஒன்று ருபெல்லா, அதாவது ஜெர்மன் தட்டம்மை. இன்னொன்று சைட்டோமெகாலோ வைரஸ், சுருக்கமாக சி.எம்.வி. முதலாவதற்குத் தடுப்பூசி இருக்கிறது, இரண்டாவதற்கு இல்லை. சின்னம்மை கர்ப்பத்தில் வந்தால் தோல், கண், கை கால் என்று வேறு பாதிப்புகள் வரலாம், டாக்டரிடம் போயே ஆக வேண்டும். ஆனால் காதைப் பொறுத்தவரை அது முதல் சந்தேகம் இல்லை.

மாசமாக இருந்தபோது உடம்பில் லேசாகத் தடிப்பு வந்தது. அம்மன் இறங்கியிருக்கிறாள் என்று வேப்பிலை கட்டி வீட்டிலேயே இருந்துவிட்டோம். அது ருபெல்லாவா?

இருக்கலாம். இந்தக் கேள்வியைக் கேட்ட ஒவ்வொரு முறையும் எனக்கு மனசு கனத்துப் போகும். நம் ஊரில் மணல்வாரி, தட்டம்மை, சின்னம்மை, ஜெர்மன் தட்டம்மை எல்லாமே ‘அம்மை’தான். வாசலில் வேப்பிலை, வீட்டில் தாளிப்பு இல்லை, ஆஸ்பத்திரிக்குப் போகக்கூடாது. வேப்பிலையில் எந்தத் தவறும் இல்லை. கட்டுங்கள், கும்பிடுங்கள். ஆனால் மாசமாக இருப்பவள் அந்த வீட்டில் இருந்தால் அன்றைக்கே நர்ஸம்மாவுக்கு ஒரு போன் போட்டுவிடுங்கள்.

ருபெல்லா பார்க்க மிகச் சாதுவான நோய். முகத்தில் தொடங்கி உடம்பில் இறங்கும் இளஞ்சிவப்புத் தடிப்பு, லேசான காய்ச்சல், காதுக்குப் பின்னாலும் பிடரியிலும் நெறி கட்டுதல். மூன்று நாளில் போய்விடும். சிலருக்குத் தடிப்பே வராது. அம்மாவுக்கு அது ஒன்றுமே இல்லை. ஆனால் முதல் 12 வாரத்துக்குள் வந்தால் பத்துப் பிள்ளைகளில் எட்டு, ஒன்பது பேர் வரை பாதிக்கப்படக்கூடும். கண்ணில் புரை, இதயத்தில் கோளாறு, காது கேளாமை என்று மூன்றும் சேர்ந்து வருவதுண்டு. நான்காவது மாதத்தில் வந்தால் காது மட்டும் பழுதாவதும் உண்டு. 20 வாரம் தாண்டிவிட்டால் ஆபத்து மிகக் குறைவு. 1941-ல் ஆஸ்திரேலியாவில் நார்மன் கிரெக் என்ற கண் டாக்டர்தான் முதலில் இதைக் கவனித்தார். கண்ணில் புரையோடு பிறந்த பிள்ளைகளின் அம்மாக்கள் பலர், கர்ப்பத்தின் தொடக்கத்தில் எங்களுக்கு அம்மை வந்தது என்று சொன்னார்கள். அவர் அதைத் தட்டிக்கழிக்காமல் குறித்துக்கொண்டார். அம்மா சொன்ன ஒரு சின்னத் தகவலிலிருந்துதான் இந்த அறிவே தொடங்கியது.

ஆகவே தடிப்பு வந்த தேதியை தாய் சேய் அட்டையில் எழுதச் சொல்லுங்கள். அவர்கள் மறந்தால் நீங்களே பேனாவால் எழுதுங்கள். பின்னால் பிள்ளையைப் பார்க்கும் டாக்டருக்கு அந்த ஒரு வரி பெரிய உதவி.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ருபெல்லாவோடு பிறந்த குழந்தையின் எச்சிலிலும் சிறுநீரிலும் ஒரு வயது வரை கூட வைரஸ் வெளிவரலாம். அந்தக் குழந்தையை ஒதுக்கி வைக்காதீர்கள். ஆனால் மாசமாக இருக்கும் சித்தியோ பக்கத்து வீட்டு அக்காவோ அந்தச் சமயத்தில் தூக்கிக் கொஞ்ச வேண்டாம்.

எனக்கு ருபெல்லா ஊசி போட்டிருக்கிறதா என்று எப்படித் தெரியும்?

2017 பிப்ரவரியில் தமிழ்நாடு முழுக்கப் பள்ளிக்கூடங்களில் எம்.ஆர். ஊசி, அதாவது தட்டம்மைக்கும் ருபெல்லாவுக்கும் சேர்த்துப் போடும் ஊசி போட்டார்கள், ஞாபகம் இருக்கும். 9 மாதக் குழந்தையிலிருந்து 15 வயதுவரை போட்டார்கள். இப்போது பிறக்கும் பிள்ளைகளுக்கு 9 மாதம் முடிந்ததும் ஒன்று, ஒன்றரை வயதையொட்டி இன்னொன்று என்று அரசே போடுகிறது. ஆனால் 2017-ல் 15 வயதைத் தாண்டியிருந்த பெண்கள் அந்த முகாமுக்கு வெளியே நின்றவர்கள். இன்றைக்குத் தலைப்பிள்ளையும் இரண்டாவது பிள்ளையும் பெறுகிறவர்களில் அவர்கள் நிறையப் பேர். சின்ன வயதில் தனியார் டாக்டரிடம் ருபெல்லாவும் சேர்ந்த எம்.எம்.ஆர். ஊசி போட்டிருந்தால் சரி. இல்லையென்றால் கல்யாணம் நிச்சயமானதுமே டாக்டரிடம் கேளுங்கள். போட்ட பிறகு ஒரு மாதம் கருத்தரிக்காமல் இருக்க வேண்டும். மாசமாக இருக்கும்போது போடக்கூடாது. விட்டுப்போனவர்கள் பிரசவம் முடிந்ததும் போட்டுக்கொள்ளலாம், பால் கொடுப்பதற்கும் தடை இல்லை.

நிச்சயதார்த்தத்துக்குப் புடவை எடுக்கும் நாளில் இந்த ஊசியையும் போட்டுவிடச் சொல்லி நான் பார்க்கும் பெண்களிடமெல்லாம் கேட்டுக்கொள்கிறேன்.

சி.எம்.வி. என்ற பேரையே நான் கேள்விப்பட்டதில்லை. அது எங்கிருந்து வரும்?

கேள்விப்படாததில் ஆச்சரியமில்லை. உலகம் முழுக்கக் கருவிலேயே பிள்ளையைத் தொற்றும் வைரஸ்களில் அதிகம் காணப்படுவது இதுதான். ஆனாலும் யாரும் பேசுவதில்லை, ஏனென்றால் அம்மாவுக்குப் பெரும்பாலும் எந்த அறிகுறியும் இராது. கொஞ்சம் அசதி, லேசான காய்ச்சல், தொண்டை வலி, அவ்வளவுதான். கர்ப்பத்தில் யாருக்குத்தான் அசதி இல்லை?

நம் நாட்டில் பெரும்பாலான பெண்களுக்கு இது சின்ன வயதிலேயே வந்து உடம்பில் தூங்கிக்கொண்டிருக்கும். கர்ப்பத்தில் அது விழித்துக்கொள்ளலாம், அல்லது அதே வைரஸின் வேறொரு வகை புதிதாகத் தொற்றலாம். ஒட்டுவது எச்சில், சிறுநீர் வழியாக. அதிகம் பரப்புகிறவர்கள் இரண்டு, மூன்று வயதுப் பிள்ளைகள். அதாவது, வீட்டில் ஓடித் திரியும் மூத்த பிள்ளையிடமிருந்துதான் வயிற்றில் இருக்கும் இளையதற்குப் போகும் வாய்ப்பு அதிகம்.

இதை ஒரு வீட்டில் கண்ணால் பார்த்தேன். தங்கச்சிமடத்தில் ஒரு மதிய நேரம். மூத்தவனுக்கு இரண்டரை வயது. அம்மாவுக்கு மூன்றாம் மாதம். அவனுக்கு மீன் குழம்பு ஊற்றிப் பிசைந்த சோறு ஊட்டினாள். நாலு வாய்க்கு மேல் அவன் ஓடிவிட்டான். வாயில் இருந்ததையும் கிண்ணத்தில் துப்பிவிட்டுப் போனான். அவள் அந்தக் கிண்ணத்தையே கையில் எடுத்து, ‘வீணாப் போகக்கூடாது டீச்சர்’ என்று சொல்லிக்கொண்டே மிச்சத்தைச் சாப்பிட்டாள். முந்தானையால் அவன் வாயைத் துடைத்தாள், பிறகு அதே முந்தானையால் தன் வாயையும். எந்த அம்மா இதைச் செய்யவில்லை? அது பாசம்தான். ஆனால் மாசமாக இருக்கும் ஒன்பது மாதம் மட்டும் இதை நிறுத்திவைக்கலாம். மிச்சச் சோற்றை அப்பா சாப்பிடட்டும். பிள்ளையை உதட்டில் முத்தமிடாமல் நெற்றியிலோ உச்சந்தலையிலோ முத்தமிடுங்கள். மூக்குச் சளி துடைத்த பிறகும், ஜட்டி மாற்றிய பிறகும் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். மாசமாக இருக்கும் அங்கன்வாடி டீச்சர்களும் ஆயாம்மாக்களும் இதைக் கட்டாயம் செய்ய வேண்டும்.

‘டார்ச்’ டெஸ்ட்டில் பாசிட்டிவ் என்று ரிப்போர்ட் வந்திருக்கிறது. கருவைக் கலைக்கச் சொல்கிறார்கள் வீட்டில்.

பொறுங்கள். டார்ச் என்பது ருபெல்லா, சி.எம்.வி. போல வயிற்றுப் பிள்ளையைத் தாக்கும் தொற்றுகளுக்கான ரத்த டெஸ்ட். அந்த ரிப்போர்ட்டில் ஒவ்வொரு தொற்றுக்கும் ஐ.ஜி.ஜி., ஐ.ஜி.எம். என்று இரண்டு வரிகள் இருக்கும், இரண்டும் ரத்தத்தில் உள்ள எதிர்ப்புப் பொருள்கள். ஐ.ஜி.ஜி. பாசிட்டிவ் என்றால் எப்போதோ வந்து போயிருக்கிறது என்று பொருள். சி.எம்.வி.யில் நம் பெண்களில் பெரும்பாலோருக்கு அப்படித்தான் வரும். ருபெல்லாவில் அது நல்ல செய்தி, எதிர்ப்புச் சக்தி இருக்கிறது. ஐ.ஜி.எம். பாசிட்டிவ் என்றால் சமீபத்தில் தொற்றியிருக்கலாம், ஆனால் அது பொய்யாகவும் பாசிட்டிவ் காட்டும். தொற்று பழையதா புதியதா என்று பார்க்க உதவும் அவிடிட்டி என்ற இன்னொரு டெஸ்ட்டைச் சேர்த்துப் பார்த்துத்தான் பெண் மருத்துவர் முடிவு சொல்வார். ஒரே ஒரு காகிதத்தை வைத்துக்கொண்டு வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து முடிவெடுக்கக் கூடாது.

எந்த அறிகுறியும் இல்லாத எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் இந்த டெஸ்ட் தேவையில்லை. தடிப்பு வந்தால், ஸ்கேனில் ஏதாவது தெரிந்தால், தொற்றிய ஆளோடு இருந்திருந்தால் தேவை. ஆயிரக்கணக்கில் செலவழித்து டார்ச் எடுத்த குடும்பம், பிள்ளை பிறந்த பிறகு சில நிமிடத்தில் முடியும் காது டெஸ்ட்டை விட்டுவிடுவதை நான் பார்த்திருக்கிறேன். மாறியிருக்க வேண்டியது அந்த வரிசை.

பிள்ளைக்கு சி.எம்.வி. இருக்கிறதா என்று எப்போது பார்க்க வேண்டும்?

பிறந்த 21 நாளுக்குள். இந்த எண்ணை மட்டும் மறக்காதீர்கள். பிள்ளையின் எச்சிலையோ சிறுநீரையோ எடுத்து, வைரஸ் இருக்கிறதா என்று காட்டும் பி.சி.ஆர். டெஸ்ட் செய்வார்கள். 21 நாள் தாண்டிவிட்டால், பாசிட்டிவ் வந்தாலும் அது கருவிலேயே வந்ததா, பிறந்த பிறகு தாய்ப்பால் வழியாக வந்ததா என்று பிரித்துச் சொல்ல முடியாது. பிறந்த பிறகு வந்ததால் நிறைமாதப் பிள்ளைக்குக் காது போகாது, அதனால் பால் கொடுப்பதை நிறுத்தவே வேண்டாம். குறைமாதத்தில், மிகக் குறைந்த எடையில் பிறந்த பிள்ளை என்றால் மட்டும் டாக்டர் சொல்கிறபடி.

எல்லாப் பிள்ளைக்கும் இந்த டெஸ்ட் இல்லை. காது டெஸ்ட்டில் தேறாத பிள்ளை, தலை சிறுத்த பிள்ளை, பிறந்தபோதே மஞ்சள் காமாலையோடு கல்லீரல் வீங்கியிருந்த பிள்ளை, உடம்பில் ரத்தப் புள்ளிகள் இருந்த பிள்ளை, இவர்களுக்குக் கேட்டு வாங்க வேண்டும். ஆக, காது டெஸ்ட்டை முதல் வாரத்திலேயே முடித்தால்தான் 21 நாளுக்குள் அடுத்ததைச் செய்ய நேரம் கிடைக்கும்.

தாய்வீட்டில் பிரசவம். மூன்றாம் மாதம் புகுந்த வீட்டுக்கு வந்துவிட்டோம். காது டெஸ்ட்டை இங்கே பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டோம்.

நான் சொன்ன இடைவெளி இதுதான். தொண்டிப் பக்கம் பிறந்த பெண்ணை ராமேஸ்வரத்தில் கொடுத்திருப்பார்கள். தொண்டியில் பிரசவம், முதல் டெஸ்ட்டில் ‘திரும்ப வாருங்கள்’ என்று சீட்டு எழுதிக் கொடுத்திருப்பார்கள். திரும்பப் போக வேண்டிய தேதியில் அவள் தீவுக்கு வந்துவிட்டிருப்பாள். அந்த ஊர் நர்ஸம்மா, புகுந்த வீட்டில் பார்த்துக்கொள்வார்கள் என்று நினைப்பார். இந்த ஊர் நர்ஸம்மா, அங்கேயே முடிந்திருக்கும் என்று நினைப்பார். மாமியார், பிள்ளை நன்றாகத்தானே இருக்கிறான் என்பார். யாரும் கெட்டவர்கள் இல்லை. சீட்டு மட்டும் பைக்குள் மடங்கிக் கிடக்கும்.

உலகம் முழுக்கச் சொல்லும் கணக்கு 1, 3, 6. ஒரு மாதத்துக்குள் முதல் டெஸ்ட். மூன்று மாதத்துக்குள் குறை இருக்கிறதா இல்லையா என்று உறுதி. ஆறு மாதத்துக்குள் காது மெஷினும் பயிற்சியும். தாய்வீட்டில் இருக்கும் காலம் இந்தக் கணக்கின் முதல் பாதி. எனவே பெண்ணை அனுப்பும்போது அரிசி, நகை, தொட்டில் என்று எடுத்துவைக்கும் அம்மா, காது டெஸ்ட் ரிசல்ட்டையும் கேட்டு எடுத்துவைக்க வேண்டும். ‘பாஸ்’ என்று எழுதிய தாள் இல்லாமல் பஸ் ஏற விடாதீர்கள். பாஸ் ஆகவில்லை என்றால் மறு டெஸ்ட் முடியும்வரை இன்னும் இரண்டு வாரம் பிள்ளை தாத்தா வீட்டில் இருக்கட்டும்.

டெஸ்ட் எப்படி இருக்கும்? வலிக்குமா?

வலிக்காது. முதல் டெஸ்ட் ஓ.ஏ.இ. காதில் ஒரு சின்ன ரப்பர் முனையை வைத்துச் சத்தம் அனுப்புவார்கள். காக்ளியா நன்றாக இருந்தால் மிக மெல்லிய எதிர்ச்சத்தம் திரும்பி வரும். பிறந்த முதல் நாளில் காதுக்குள் ஈரமும் மாவும் இருப்பதால் தேறாமல் போவது சகஜம். அதற்காகப் பதற வேண்டாம், ஆனால் மறு டெஸ்ட்டை விட்டுவிடவும் வேண்டாம்.

இரண்டாவது பெரா. தலையில் சின்ன ஒட்டுகள் ஒட்டி, சத்தம் நரம்பு வழியாக மூளைக்குப் போகிறதா என்று பார்ப்பது. பிள்ளை தூங்க வேண்டும். இங்கேதான் நம் அம்மாக்கள் தவிக்கிறார்கள். ராமேஸ்வரத்திலிருந்து ராமநாதபுரம் ஏறக்குறைய 55 கிலோமீட்டர். விடிகாலையில் கிளம்பினால் பிள்ளை பஸ் குலுக்கலில் வழி முழுக்கத் தூங்கிவிட்டு, மெஷின் முன்னால் போனதும் கண்ணை விழித்துக்கொண்டு சிரிக்கும். ஆகவே வழியில் விளையாட்டுக் காட்டி விழிக்க வையுங்கள். பாலை டெஸ்ட்டுக்குச் சற்று முன்னால் கொடுங்கள். தலையில் எண்ணெய் தடவாதீர்கள், ஒட்டு பிடிக்காது. ராமநாதபுரம் அரசு ஆஸ்பத்திரியில் டி.இ.ஐ.சி., அதாவது பிள்ளைகளின் குறைகளைச் சீக்கிரமே கண்டறியும் மையம் எங்கே என்று கேட்டால் காட்டுவார்கள்.

என்.ஐ.சி.யு.வில், அதாவது பச்சிளம் பிள்ளைகளின் தீவிர சிகிச்சைப் பிரிவில், ஐந்து நாளுக்கு மேல் இருந்த பிள்ளைக்கு ஓ.ஏ.இ. மட்டும் போதாது, பெராவும் வேண்டும். பெட்டியில் இருந்தான், இப்போது நன்றாக இருக்கிறான் என்று நிறுத்திவிடாதீர்கள்.

முதல் டெஸ்ட்டில் பாஸ். இனி கவலை இல்லைதானே?

ருபெல்லா, சி.எம்.வி. சந்தேகம் இல்லாத பிள்ளைக்குப் பெரும்பாலும் அப்படித்தான். சி.எம்.வி. உறுதியான பிள்ளைக்கு அப்படி இல்லை. அந்தத் தொற்றோடு பிறக்கும் 100 பிள்ளைகளில் 90 பேர் வரை பிறக்கும்போது எந்தக் குறையும் இல்லாமல்தான் இருப்பார்கள். அவர்களிலும் பத்தில் ஒருவருக்கு மேல் பின்னால் காது மங்கும். பிறக்கும்போதே அறிகுறி இருந்தவர்களில் மூன்றில் ஒருவருக்கும் மேல். இது ஒரு காதில் தொடங்கலாம், ஏறி இறங்கலாம், இரண்டு வயதில் திடீரென்று கூடலாம். அதனால் மூன்று வயதுவரை ஆறு மாதத்துக்கு ஒருமுறையாவது, பிறகு ஆறு வயதுவரை ஆண்டுக்கு ஒருமுறை காதைப் பார்க்க வேண்டும்.

கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கிறானே? சத்தம் போட்டு விளையாடுகிறானே?

இப்படித்தான் ஒரு வீடே ஏமாந்தது. பாம்பனில் ஒரு பையன், அப்போது இரண்டே முக்கால் வயது. கதவைத் தட்டினால் திரும்புவான். அப்பாவின் வல்லம் கரைக்கு வந்தால் எல்லோருக்கும் முன்னால் ஓடுவான். காது நன்றாகக் கேட்கிறது என்று பாட்டி சத்தியம் செய்தார். நான் அவன் பின்னால், நிழல் விழாத பக்கமாக உட்கார்ந்து, மணலில் கால் வைக்காமல் கிலுகிலுப்பையை ஆட்டினேன். அசையவில்லை. தட்டையும் கரண்டியையும் அடித்தேன். அசையவில்லை. தரையை உள்ளங்கையால் தட்டினேன், உடனே திரும்பினான். அதிர்வு. மறுநாள் வல்லத்தில் ஏற்றிவிட்டோம். இன்ஜின் பெட்டி மேல் இரண்டு கையையும் கன்னத்தையும் வைத்துக்கொண்டு கண்ணை மூடி நின்றான். அவன் அப்பா அதுவரை ஒரு வார்த்தை பேசவில்லை. பிறகு என்னிடம், ‘நான் இவனுக்கு இன்ஜின்னா உசிருன்னு நெனச்சேன் டீச்சர்’ என்றார்.

காது கேளாத பிள்ளையும் முதல் ஆறு மாதம் மழலைச் சத்தம் போடும். அப்புறம்தான் அது மெல்லக் குறையும். ‘இவங்க தாத்தாவும் நாலு வயசுலதான் பேசினார்’ என்ற சொல் எத்தனை பிள்ளைகளின் காலத்தைத் தின்றிருக்கிறது என்று எனக்குத் தெரியும். ஆறு மாதத்தில் சத்தம் வரும் பக்கம் தலை திரும்ப வேண்டும். ஒன்பது மாதத்தில் தன் பேருக்குத் திரும்ப வேண்டும். ஒரு வயதில் ஒரு சொல்லாவது வர வேண்டும். வரவில்லை என்றால் டெஸ்ட்.

மாசமாக இருந்தபோது நண்டு, சுறா சாப்பிட்டேன். கிரகணத்தன்று வெளியே போனேன். அதனாலா?

இரண்டாலும் இல்லை. இந்த வைரஸ்கள் மனிதரிடமிருந்து மனிதருக்கு வருபவை, மீனில் இல்லை. உங்கள் மேல் யாராவது பழி போட்டால் இந்தப் பக்கத்தைக் காட்டுங்கள்.

தாய்மாமனைக் கட்டியதால் வந்ததா, வைரஸால் வந்ததா?

இரண்டுமே காரணமாக இருக்கலாம். நெருங்கிய சொந்தத்தில் கட்டும்போது காது கேளாமைக்கான மரபணுக் குறை இருபக்கத்திலிருந்தும் வந்து சேரும் வாய்ப்பு கூடுகிறது. தமிழ்நாட்டில் அது பெரிய காரணம். குறைமாதம், மூச்சுத் திணறல், கடுமையான மஞ்சள் காமாலை, சில ஊசி மருந்துகள் என்று வேறு காரணங்களும் உண்டு. காரணம் எதுவானாலும் பிள்ளைக்கு இப்போது வேண்டிய மெஷினும் பயிற்சியும் ஒன்றுதான்.

டெங்கு, ஜிகா?

டெங்கு பிள்ளையின் காதைக் கெடுப்பதாக நிலைநாட்டப்படவில்லை. ஆனால் கர்ப்பிணிக்கு அது உயிர் ஆபத்து. ஜிகா பிள்ளையின் மூளையைத் தாக்கும், சில பிள்ளைகளுக்குக் காதும் பாதிக்கும். 2021-ல் கேரளத்தில் வந்தது. இரண்டையும் பரப்புவது ஒரே ஏடிஸ் கொசு. நல்ல தண்ணீருக்கு அலையும் நம் ஊர்களில் வாசலில் டிரம்மும் குடமும் நிறைந்து நிற்கும். மூடிவையுங்கள், வாரம் ஒருமுறை தேய்த்துக் கழுவுங்கள்.

சி.எம்.வி.க்கு மருந்து இருக்கிறதா?

பிறக்கும்போதே அறிகுறி உள்ள பிள்ளைகளுக்கு வால்கான்சைக்ளோவிர் என்ற மருந்தை ஆறு மாதம் கொடுப்பதுண்டு. முதல் மாதத்துக்குள் தொடங்க வேண்டும். ரத்த வெள்ளணுக்கள் குறையக்கூடும் என்பதால் அடிக்கடி ரத்தம் பார்ப்பார்கள். போன காதை இது திருப்பித் தராது. மேலும் மங்காமல் காக்க உதவும்.

மெஷின் வாங்கினோம். இரண்டே மாதத்தில் ரிப்பேர்.

உப்புக் காற்று. நம் கரையில் சைக்கிள் செயினே துருப்பிடிக்கிறது, இது எம்மாத்திரம்? இரவில் கழற்றியதும் மெல்லிய துணியால் துடைத்து, பேட்டரியை எடுத்துவிட்டு, சிலிக்கா ஜெல் போட்ட மூடி இறுகும் டப்பாவில் வையுங்கள். ஜெல் நிறம் மாறினால் மாற்றுங்கள். குளிக்கும்போதும் கடலில் இறங்கும்போதும் கழற்றுங்கள். பொத்தான் பேட்டரியைச் சின்னப் பிள்ளை விழுங்கிவிட்டால் உயிருக்கே ஆபத்து, கைக்கு எட்டாமல் வையுங்கள். காதில் வைக்கும் அச்சு, பிள்ளை வளர வளரச் சிறுத்துப்போகும். மெஷின் ‘கீ’ என்று கத்தினால் பெரும்பாலும் அச்சை மாற்ற வேண்டிய நேரம் அது, ரிப்பேர் இல்லை.

எங்கள் மகளுக்கு இரண்டரை வயது ஆகிவிட்டது. எல்லாம் முடிந்துபோய்விட்டதா?

இல்லை. இந்த வாரமே பெரா எடுங்கள். மெஷின் போதாத அளவுக்குக் குறை இருந்தால், முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் ஆறு வயதுக்குள் உள்ள பிள்ளைகளுக்குக் காக்ளியர் கருவி பொருத்தும் ஆபரேஷன் இலவசம். சீக்கிரம் பொருத்தினால் பேச்சு நன்றாக வரும், ஆகவே ஆறு வயதுவரை நேரம் இருக்கிறது என்று எண்ண வேண்டாம். ஆபரேஷனுக்குப் பிறகு குறைந்தது ஒரு வருடம் விடாமல் பயிற்சிக்கு வர வேண்டும். சைகையும் சேர்த்துப் பழகட்டும், பிள்ளைக்கு மொழி எந்த வழியில் வந்தாலும் நல்லதுதான்.

வரும்போது தாய் சேய் அட்டை, பிறந்த ஆஸ்பத்திரியின் டிஸ்சார்ஜ் சீட்டு, காப்பீட்டு அட்டை, பிள்ளையின் ஆதார், இந்த நான்கையும் எடுத்து வாருங்கள். கர்ப்பத்தில் காய்ச்சலோ தடிப்போ வந்த மாதம் ஞாபகம் இருந்தால் அதையும் ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். அந்தப் பாம்பன் பையனின் அம்மா அதை எழுதிக்கொண்டு வந்திருந்தார். பழைய காலண்டர் தாளின் பின்பக்கத்தில், ‘மூணாம் மாசம், மூணு நாள் அம்மை, யார்கிட்டயும் சொல்லல’ என்று.